வெயிலை மறைக்கும் மேகம் பனியை உருக்குமா? ஆர்க்டிக் மேகங்களின் ரகசியமும், விஞ்ஞானி மேத்யூ ஷூப்பின் ஆய்வும் - முழு விவரம்

வானத்தில் மேகம் வந்தால் என்ன ஆகும்? வெயில் குறையும், நிழல் விழும், கொஞ்சம் குளுமையா இருக்கும். நமக்குத் தெரிந்த மேகம் இதுதான். ஆனால் பூமியின் உச்சியில், வடதுருவத்தைச் சுற்றியுள்ள ஆர்க்டிக் பகுதியில் கதை அப்படியே தலைகீழ். அங்கே வருடத்தின் பெரும்பகுதியில் மேகம் தரையைக் குளிர்விப்பதில்லை, சூடாக்குகிறது.

இந்த வினோதத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருபவர் மேத்யூ ஷூப். அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகம் மற்றும் அந்நாட்டின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவுடன் இணைந்து பணியாற்றும் வளிமண்டல விஞ்ஞானி. உலகம் இதுவரை கண்ட மிகப் பெரிய ஆர்க்டிக் ஆய்வுப் பயணமான 'மொசைக்' திட்டத்தின் இணை ஒருங்கிணைப்பாளரும் இவர்தான்.

மேகத்தில் அப்படி என்ன இருக்கிறது? அதைப் பார்க்க ஒரு கப்பலையே பனிக்கட்டியில் உறைய விட வேண்டிய அவசியம் என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

ஆர்க்டிக்கில் என்ன பிரச்னை?

ஆர்க்டிக் என்பது அண்டார்டிகா மாதிரி ஒரு நிலப்பகுதி அல்ல. நடுவில் இருப்பது கடல். அந்தக் கடலின் மேல் மிதக்கும் பனிக்கட்டிதான் நாம் படங்களில் பார்க்கும் வெள்ளைப் பரப்பு. குளிர்காலத்தில் இந்தப் பனிப்பரப்பு விரியும். கோடையில் உருகிச் சுருங்கும். செப்டம்பரில்தான் மிகக் குறைவாக இருக்கும்.

1979 முதல் செயற்கைக்கோள்கள் இதைத் தொடர்ந்து அளந்து வருகின்றன. அந்தப் பதிவில் மிகக் குறைந்த அளவு 2012 செப்டம்பரில் பதிவானது. சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் 1980களில் அதே மாதத்தில் இருந்ததில் இது ஏறக்குறைய பாதிதான்.

காரணம், ஆர்க்டிக் மற்ற இடங்களைவிட வேகமாகச் சூடாகிறது. 1979-க்குப் பிறகு உலக சராசரியைப் போல ஏறக்குறைய 4 மடங்கு வேகத்தில் அங்கே வெப்பநிலை உயர்ந்திருக்கிறது என்று 2022-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஏன் இவ்வளவு வேகம்? பனி படர்ந்த வெள்ளைப் பரப்பு, மேலே விழும் சூரிய ஒளியில் 80 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். பனி உருகிக் கருநீலக் கடல் வெளியே தெரிந்தால், அந்தக் கடல் திருப்பி அனுப்புவது வெறும் 6-7 சதவீதம்தான். மீதி வெப்பம் முழுக்க கடலுக்குள். கடல் சூடானால் இன்னும் பனி உருகும். பனி உருகினால் கடல் இன்னும் சூடாகும். ஒரு சுழல் மாதிரி இது நடந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கணக்கு விஞ்ஞானிகளுக்கு ஓரளவு புரிந்துவிட்டது. புரியாமல் இழுத்தடித்த ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் மேகம்.

மேகம் குளிர்விக்குமா, சூடாக்குமா?

மேகம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, குடை வேலை. மேலே இருந்து வரும் வெயிலைத் தடுத்துத் திருப்பி அனுப்புகிறது. இன்னொன்று, போர்வை வேலை. தரையிலிருந்து மேலே போகும் வெப்பத்தைப் பிடித்து, ஒரு பகுதியைக் கீழேயே திருப்பிக் கொடுக்கிறது.

போர்வை வேலையை நாமே உணர்ந்திருப்போம். மேகமூட்டமான ராத்திரியில் புழுக்கம் தாங்காது. வானம் தெளிவா, நட்சத்திரம் மின்னுகிற ராத்திரியில் விடியும்போது குளிர் நடுக்கும். பகல் முழுக்கச் சேர்ந்த வெப்பம், தடுக்க ஆளில்லாமல் வானத்துக்குப் போய்விடுவதுதான் காரணம்.

உலகம் முழுமைக்கும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மேகத்தின் குடை வேலைதான் ஜெயிக்கிறது. ஆர்க்டிக்கில் அப்படி இல்லை. இரண்டு காரணங்கள்.

முதலாவது, அங்கே குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே உதிக்காது. வெயிலே இல்லாத ஊரில் குடைக்கு என்ன வேலை? போர்வை மட்டும்தான் மிச்சம்.

இரண்டாவது, சூரியன் இருக்கும் மாதங்களிலும் தரை ஏற்கெனவே வெள்ளை. மேகம் தடுக்காவிட்டாலும் அந்தப் பனியே பெரும்பாலான ஒளியைத் திருப்பி அனுப்பியிருக்கும். அதனால் மேகம் புதிதாகத் தடுத்த வெயில் என்று பெரிதாக ஒன்றுமில்லை.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 1997-98ல் 'ஷீபா' என்ற திட்டத்தில், கனடாவின் ஐஸ் உடைக்கும் கப்பல் ஒன்றை ஓராண்டு ஆர்க்டிக் பனியில் உறைய விட்டு அளவுகள் எடுத்தார்கள். அந்தத் தரவுகளை வைத்து ஷூப், சக விஞ்ஞானி ஜேனட் இன்ட்ரியேரியுடன் சேர்ந்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வருடத்தின் பெரும்பகுதி ஆர்க்டிக் மேகங்கள் பனிப்பரப்பைச் சூடாக்குகின்றன, நடுக்கோடையில் ஒரு குறுகிய காலம் மட்டுமே குளிர்விக்கின்றன என்பதுதான் அதன் முடிவு.

எவ்வளவு வித்தியாசம்? குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருந்தால், பனிப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும் நொடிக்கு நொடி சுமார் 40 வாட் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. தடிமனான, நீர்த்துளிகள் கொண்ட மேகம் மேலே வந்து நின்றால் அந்த இழப்பு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். குளிர் குறைந்தால் கடல் உறைவதும் மெதுவாகும். குளிர்காலத்தில் ஒழுங்காகத் தடிமனாகாத பனி, அடுத்த கோடையில் சீக்கிரம் காணாமல் போகும்.

மைனஸ் 30 டிகிரியில் தண்ணீர் எப்படி?

இங்கேதான் ஆர்க்டிக் மேகத்தின் பெரிய மர்மம் வருகிறது.

தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மேகத்துக்குள் அது அப்படி நடப்பதில்லை. ஒரு நீர்த்துளி உறைய வேண்டுமானால், பனிப்படிகம் ஒட்டி வளர ஒரு தூசுத் துகள் மாதிரி ஏதாவது வேண்டும். அப்படி எதுவும் இல்லாத சுத்தமான சின்னத் துளி, மைனஸ் 38 டிகிரி வரைக்கும் கூட உறையாமல் திரவமாகவே இருக்கும். இதை 'மீக்குளிர் நீர்' என்கிறார்கள்.

ஆர்க்டிக் காற்றில் இப்படி உறைய வைக்கும் துகள்கள் மிகக் குறைவு. அதனால் மைனஸ் 20, மைனஸ் 30 டிகிரி குளிரிலும் நீர்த்துளியும் பனிப்படிகமும் ஒரே மேகத்தில் சேர்ந்தே இருக்கின்றன. கலப்பு மேகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும். இதில் என்ன மர்மம்? நீரும் பனிப்படிகமும் ஒன்றாக இருந்தால், படிகம் துளிகளின் ஈரத்தை உறிஞ்சி வளர்ந்து, கனமாகிக் கீழே கொட்டிவிடும். நீர்த்துளிகள் ஆவியாகி மறைந்துவிடும். கணக்குப்படி இந்த மேகம் சில மணி நேரத்தில் காலி ஆக வேண்டும். ஆனால் ஆர்க்டிக்கில் இவை நாள்கணக்கில் அசையாமல் நிற்கின்றன!

(படிகம் துளியை விழுங்கும் இந்தச் செயலை முதலில் யோசித்தவர்களில் ஒருவர், கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன அதே ஜெர்மன் விஞ்ஞானி ஆல்ஃபிரட் வெகனர். 1930-ல் கிரீன்லாந்து பனியிலேயே உயிரிழந்தவர்.)

2012-ல் 'நேச்சர் ஜியோசயின்ஸ்' இதழில் ஹியூ மாரிசன், ஷூப் உள்ளிட்ட விஞ்ஞானிகள் இதற்கு விளக்கம் தந்தார்கள். சுருக்கமாக இதுதான்:

• மேகத்தின் உச்சியில் சில நூறு மீட்டர் தடிமனில் நீர்த்துளி அடுக்கு இருக்கும். அதற்குக் கீழேதான் படிகங்கள் மெல்ல உதிரும்.

• உச்சியில் உள்ள நீர் அடுக்கு வானத்தை நோக்கி வெப்பத்தை வேகமாக இழந்து குளிரும். குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே இறங்கும். அதற்குப் பதிலாக ஈரமான காற்று மேலே ஏறும்.

• மேலே ஏறும் காற்று புதிய நீர்த்துளிகளை உருவாக்கும். அதாவது, உதிர்ந்த நீருக்கு ஈடாக மேகம் தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும்.

• சாதாரணமாக மேகத்துக்கு மேலே காற்று வறண்டிருக்கும். ஆர்க்டிக்கில் பல நேரம் மேகத்துக்கு மேலேயும் ஈரப்பதம் அதிகம். அங்கிருந்தும் மேகத்துக்குத் தீனி கிடைக்கும்.

ஒரே ஒரு சங்கிலி இல்லை. ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் பல செயல்கள். அதனால்தான் இந்த மேகம் லேசில் கலைவதில்லை.

2 ஸ்பூன் தண்ணீர் செய்யும் வேலை

மேகத்தில் நீர்த்துளி இருக்கிறதா, வெறும் படிகமா என்பதில் ஏன் இவ்வளவு அக்கறை? வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் நீர்த்துளிகளுக்கு வலு அதிகம். ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே உள்ள மேகத்தில் மொத்தம் சுமார் 30 கிராம் திரவ நீர் இருந்தாலே போதும், அது ஏறக்குறைய முழுப் போர்வையாகிவிடும். 30 கிராம் என்பது பெரிய ஸ்பூனில் 2 ஸ்பூன் தண்ணீர். அவ்வளவுதான்!

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை என்பதற்கு உதாரணம், 2012 ஜூலை. அந்த மாதம் கிரீன்லாந்து பனிப்பாளத்தின் மேற்பரப்பு ஏறக்குறைய முழுவதும் ஒரே நேரத்தில் உருகத் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டர் உயரத்தில், எப்போதும் உறைந்தே கிடக்கும் 'சம்மிட்' ஆய்வு நிலையத்திலும் பனி ஈரமானது. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்த விஞ்ஞானிகளே முதலில் கருவியில் கோளாறோ என்று சந்தேகப்பட்டார்கள்.

சம்மிட்டில் 2010 முதல் மேகங்களை அளக்கும் கருவிகள் இயங்கி வந்தன. அந்தத் தரவுகளை வைத்து ரால்ஃப் பென்னார்ட்ஸ் தலைமையில் ஷூப் உள்ளிட்டோர் 2013-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, குற்றவாளியைக் கண்டுபிடித்தது. தெற்கிலிருந்து வந்த வெப்பக் காற்று ஒரு காரணம். அதற்கு உடந்தை, தாழ்வாக நின்ற மெல்லிய நீர்மேகங்கள்.

அந்த மேகங்கள் கச்சிதமான தடிமனில் இருந்தன. இன்னும் தடிமனாக இருந்திருந்தால் வெயிலைத் தடுத்திருக்கும். இன்னும் மெல்லியதாக இருந்திருந்தால் வெப்பம் தப்பியிருக்கும். வெயிலை உள்ளே விட்டு, வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டது, அந்த இடைப்பட்ட தடிமன். மேகம் இல்லாமல் இருந்திருந்தால் சம்மிட்டில் அன்று உருகியே இருக்காது என்பது அந்த ஆய்வின் முடிவு.

கிரீன்லாந்து பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும். அது ஓரிரு வருடத்தில் நடக்கிற காரியம் இல்லை. ஆனால் எவ்வளவு வேகத்தில் உருகும் என்ற கணக்கில் இந்த 2 ஸ்பூன் தண்ணீரும் சேர்த்தி.

பனியில் உறைந்த கப்பல்

ஷீபா முடிந்து இருபது ஆண்டுகள். அதற்குள் ஆர்க்டிக்கே மாறிவிட்டது. அன்று இருந்த பல ஆண்டு பழைய, தடிமனான பனி குறைந்து, ஒரே ஆண்டில் உருவாகி உருகும் மெல்லிய பனி அதிகமாகிவிட்டது. பழைய அளவுகளை வைத்துப் புதிய ஆர்க்டிக்கைக் கணிக்க முடியாது. அதற்காக உருவான திட்டம்தான் மொசைக். ஷூப்பும் மற்ற விஞ்ஞானிகளும் பத்தாண்டுகளாகத் திட்டமிட்டு இதை நடத்திக் காட்டினார்கள்.

ஐடியா புதிதல்ல. நார்வே ஆய்வாளர் ஃபிரிட்யோஃப் நான்சென் 1893-ல் 'ஃபிராம்' என்ற மரக்கப்பலைப் பனியில் உறைய விட்டு, பனியோடு பனியாக மிதந்து போனார். அதே வழியைத்தான் இவர்களும் எடுத்தார்கள். கப்பல் மட்டும் நவீனம்.

மொசைக் - ஒரு பார்வை

• கப்பல்: ஜெர்மனியின் 'போலார்ஸ்டெர்ன்'. துருவ நட்சத்திரம் என்று பொருள்.
• தலைமை: ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனம். பயணத் தலைவர் மார்கஸ் ரெக்ஸ்.
• புறப்பாடு: 2019 செப்டம்பர் 20, நார்வேயின் ட்ரோம்சோ துறைமுகம்.
• திரும்பியது: 2020 அக்டோபர் 12, ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன்.
• பங்கேற்பு: 20 நாடுகள், பல நூறு பேர், 5 கட்டப் பயணங்கள்.
• செலவு: சுமார் 14 கோடி யூரோ.

2019 அக்டோபர் தொடக்கத்தில் ஒரு பெரிய பனித்திட்டைத் தேர்வு செய்து கப்பலை அதில் கட்டினார்கள். சுற்றிலும் பனி உறைய, கப்பல் அதனுடனேயே மிதக்க ஆரம்பித்தது. பனியின் மேல் ஒரு குட்டி ஊரே உருவானது. வளிமண்டலக் குழுவின் முகாமுக்கு 'மெட் சிட்டி' என்று பெயர். முதல் கட்டப் பயணத்தில் ஷூப்பும் அங்கே இருந்து கருவிகளை நிறுவினார்.

மேகத்தை எப்படி அளப்பது?

ஒரே கருவியால் முடியாது. நான்கைந்து கருவிகளின் சாட்சியத்தைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். அதற்கான முறையை உருவாக்கியதும் ஷூப்பின் முக்கியப் பங்களிப்பு.

ரேடார்: ரேடியோ அலைகளை அனுப்பும். பெரிய படிகங்கள் நன்றாக எதிரொலிக்கும்.

லைடார்: லேசர் ஒளியை அனுப்பும். உருண்டையான நீர்த்துளியில் பட்டு வரும் ஒளியும், கோணல்மாணலான படிகத்தில் பட்டு வரும் ஒளியும் வேறு மாதிரி இருக்கும். எது நீர், எது பனி என்று இதை வைத்துப் பிரிக்கலாம்.

மைக்ரோவேவ் ரேடியோமீட்டர்: மேகத்தில் மொத்தம் எவ்வளவு திரவ நீர் இருக்கிறது என்று சொல்லும்.

பலூன்: வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம் அளக்கும் கருவியோடு மேலே போகும். மொசைக்கில் வழக்கமாக 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பறக்க விட்டார்கள்.

சொல்லும்போது சுலபமா இருக்கு. மாதக்கணக்கில் இருட்டு, மைனஸ் 40 டிகிரி குளிர், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் வேலை. துருவக் கரடி வருகிறதா என்று பார்க்கத் துப்பாக்கியோடு ஒரு காவலாள் கூடவே நிற்க வேண்டும். 2019 நவம்பரில் அடித்த புயலில் பனித்திட்டே பிளந்து மின்கம்பிகள் துண்டாயின. கருவிகளை இடம் மாற்றி மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார்கள்.

அதைவிடப் பெரிய அடி கொரோனா. 2020 வசந்தத்தில் உலகமே மூடியதால் ஆள் மாற்ற விமானமும் இல்லை, கப்பலும் இல்லை. வேறு வழியின்றி மே மாதம் போலார்ஸ்டெர்ன் பனித்திட்டை விட்டு ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் அருகே வந்து, தனிமைப்படுத்தலில் இருந்து வந்த புதிய குழுவை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. பனி உருகத் தொடங்கும் முக்கியமான காலத்தில் பல வாரங்கள் கப்பலில் இருந்து எடுக்கும் அளவுகள் தடைபட்டன.

ஜூலை இறுதியில் கிரீன்லாந்துக்கு அருகே அந்தப் பனித்திட்டு உடைந்து சிதறியது. குழு வீட்டுக்குத் திரும்பவில்லை. வடக்கே போய், ஆகஸ்ட் 19-ல் வடதுருவத்தையே தொட்டு, இன்னொரு பனித்திட்டைப் பிடித்து, கடல் மறுபடி உறையத் தொடங்கும் காலத்தையும் அளந்துவிட்டுத்தான் திரும்பியது.

என்ன தெரிய வந்தது?

மொசைக் தரவுகள் இன்னும் ஆராயப்பட்டு வருகின்றன. 2022-ல் வெளியான வளிமண்டலப் பிரிவின் தொகுப்புக் கட்டுரைக்கு முதல் ஆசிரியர் ஷூப். தரவுகள் 2023 முதல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டுள்ளன.

குறிப்பிட வேண்டிய ஒரு சம்பவம், 2020 ஏப்ரல் நடுவில் நடந்தது. மைனஸ் 30 டிகிரியில் இருந்த வெப்பநிலை சில நாட்களில் 0 டிகிரிக்கு அருகே எகிறியது. தெற்கிலிருந்து வெப்பக் காற்று உள்ளே புகுந்ததே காரணம். அந்தக் காற்று வெப்பத்தை மட்டும் கொண்டுவரவில்லை. தொலைவில் உள்ள மனிதர்களின் மாசையும் சேர்த்துக் கொண்டுவந்தது. ஐரோப்பிய நகரங்களில் காணும் அளவுக்குத் துகள்கள் துருவக் காற்றில் பதிவாகின. துகள் கூடினால் மேகத்துளிகளின் எண்ணிக்கை கூடும். போர்வை இன்னும் இறுக்கமாகும்.

இதற்கு நேர் எதிரான நிலையும் அங்கே உண்டு. 2008-ல் ஸ்வீடன் கப்பல் 'ஓடன்' நடத்திய ஆய்வில், சில நாட்களில் காற்று மிகமிகச் சுத்தமாக இருந்ததால் ஈரம் இருந்தும் ஒழுங்கான மேகம் உருவாகவே முடியாத நிலை பதிவானது. அதாவது, ஆர்க்டிக் மேகத்தின் தலையெழுத்தை மாற்ற ரொம்பக் கொஞ்சம் துகள் போதும்.

கணினி ஏன் தடுமாறுகிறது?

2050-ல் ஆர்க்டிக் எப்படி இருக்கும் என்று சொல்வது கணினி காலநிலை மாதிரிகள். பல மாதிரிகள் குளிர் மேகங்களில் உள்ள நீரைச் சீக்கிரமே பனியாக்கிவிடும் பழக்கம் கொண்டவை. மேகத்தில் நீர் இல்லை என்று கணக்குப் போட்டால், போர்வையும் இல்லை என்றாகிவிடும். மொத்தக் கணக்கும் தவறும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேகம் சூடாக்குகிறது என்ற விடை, கீழே வெள்ளைப் பனி இருக்கும்வரைதான் சரி. பனி போய்க் கருநீலக் கடல் வெளிப்பட்டால், கோடையில் அதே மேகம் குடையாக மாறி வெயிலைத் தடுக்கும். ஆக, ஆர்க்டிக் மாற மாற மேகத்தின் வேலையும் மாறும். ஒருமுறை அளந்துவிட்டு ஓய்ந்துவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

இந்தியாவுக்கு என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. ஸ்வால்பார்டின் நி-ஆலெசுண்டில் 2008 முதல் 'ஹிமாத்ரி' என்ற இந்திய ஆய்வு நிலையம் இயங்கி வருகிறது. 2023 டிசம்பரில் இருந்து குளிர்காலத்திலும் இந்தியக் குழு அங்கே தங்கி ஆய்வு செய்கிறது. மொசைக் பயணத்திலும் கேரளாவைச் சேர்ந்த ஆய்வாளர் விஷ்ணு நந்தன் பங்கேற்றார்.

ஆர்க்டிக் பனி குறைவதற்கும், செப்டம்பர் மாதத்தில் மத்திய இந்தியாவில் கொட்டும் அதீத மழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கோவாவில் உள்ள தேசிய துருவ, கடல் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இது இன்னும் முழுமையாக நிரூபிக்கப்பட்ட முடிவு அல்ல, ஆய்வு தொடர்கிறது.

ஆர்க்டிக் பனி எப்போது கோடையில் முழுதாக மறையும், கிரீன்லாந்து எவ்வளவு வேகத்தில் உருகும் என்ற கேள்விகளுக்கான விடையில் ஒரு பகுதி, துருவத்தின் மேலே அசையாமல் நிற்கும் அந்த மெல்லிய மேகத்துக்குள் இருக்கிறது. அதில் இருக்கும் 2 ஸ்பூன் தண்ணீரைச் சரியாக அளக்கத்தான் பல நூறு பேர் இருட்டிலும் குளிரிலும் 389 நாட்கள் மாறி மாறிக் காத்திருந்தார்கள்.